கேள்வித்தாளைக் கொஞ்சம் மடித்து வையுங்கள்

சில வருடங்களுக்கு முன் திருகோணமலை டச் பே கடற்கரைக்குக் கேள்வித்தாளோடு போயிருந்தேன். கச்சான் விற்கும் அம்மா ஒருவரிடம், "இந்தக் கடற்கரைக்கு வாறீங்களா?" என்று கேட்டேன். "எனக்கெங்க தம்பி நேரம், நான் வாறதில்ல" என்றார். அவர் இருந்ததோ கடல்மணலில்; பின்னேரம் நாலு மணி தொடக்கம் இருட்டும் வரை, தினமும் அதே இடம். அவருக்குக் கடற்கரைக்கு வருவது என்றால் பிள்ளைகுட்டியோடு காற்று வாங்குவது. இது வேலை. நானும் 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

நகரத்தைப் படிக்கும் மானிடவியலாளர் ஒரே இடத்தில் நாட்கணக்கில் குந்தியிருப்பது இதனால்தான். பெருந்தொகை, நெருக்கம், பலவகை மக்கள்: இவை சேர்ந்தால் நகரத்தில் உறவுகள் மேலோட்டமாகும் என்று 1938இல் சமூகவியலாளர் லூயிஸ் வேர்த் எழுதினார். அவர் இருந்தது சிக்காகோவில். எங்கள் மத்திய வீதியில் சீனி வாங்கப் போனாலே "நீங்க ஆர்ட பிள்ளை?" என்று கேட்பார்கள்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அங்கே 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். நோயாளியோடு காத்து நின்றவரிடம் அந்தக் காலம் நல்லது என்று சொன்னால் அடிக்க வருவார், நியாயம்தான். ஆனால் நெல் விலையும் கலியாணப் பேச்சும் அந்தக் கரையில்தான் கைமாறின என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு இப்போது எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனது? வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்களுக்குக்கூட, எந்த மரக்கறிக் கடையில் கோவா இலை விழும் என்று தெரியும். பாதி திட்டக்காரருக்கு அது தெரியாது.

ஆகவே ஒரு சந்தையை மாற்றவோ, ஆட்கள் இருக்க வாங்கு போடவோ போகிறீர்களா? காலை, மத்தியானம், பொழுதுபட்ட பிறகு என்று மூன்று வேளையும் போய் இருங்கள். யார் இருக்கிறார்கள் என்பதைவிட, எந்த வேளையில் யார் இல்லை என்று பாருங்கள். இன்னொன்று, இது முக்கியம்: யுத்தம் கண்ட ஊர் இது. குறிப்புப் புத்தகத்தோடு ஒருவர் நின்றால் "ஆர் அனுப்பினது?" என்றுதான் நினைப்பார்கள். யார், எதற்கு என்று முதலே சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள்.

பிறகு ஒருநாள் வெறுங்கையோடு போய், கச்சான் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே இருண்ட பக்கத்தைக் காட்டினார். "பொம்பிளப் பிள்ளையளோட வாற சனம் பொழுதுபட முதல் எழும்பிடும் தம்பி. அதில ஒரு லைட் போட்டா நானும் இன்னும் அரை மணித்தியாலம் இருப்பன்."