விட்பியர்: சொல்லும் பொருளும்

பெல்ஜியத்தின் கோதுமை பியருக்கு டச்சு மொழியில் 'விட்பியர்' என்று பெயர். 'விட்' என்றால் வெள்ளை. அந்நாட்டில் பிரெஞ்சு பேசுவோர் 'பியேர் பிளான்ஷ்' என்பார்கள். அதற்கும் வெள்ளை பியர் என்றே பொருள். இரண்டு பெயரிலும் கோதுமை இல்லை.

கோப்பையில் ஊற்றினால் காரணம் தெரிந்துவிடும். முளைகட்டாத கோதுமையின் புரதமும் வடிகட்டாமல் விட்ட ஈஸ்ட்டும் சேர்ந்து, வெளிர்மஞ்சள் நிறத்தைப் பனிமூட்டம் போல மங்கலாக்கிவிடும். பாட்டிலில் முக்கால் பங்கை ஊற்றியபின், மிச்சத்தை மெல்லச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு ஊற்றுவதுதான் முறை. அப்போது மேலெழும் மணம் கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் தருவது. இரண்டும் காய்ச்சும்போதே சேர்க்கப்படுபவை.

இந்த வகையின் தாய்வீடு ப்ரூசெல்ஸுக்குக் கிழக்கேயுள்ள ஹூகார்டன். 1950களில் அவ்வூரின் கடைசி ஆலையும் மூடப்பட்டு, விட்பியர் அங்கே வழக்கொழிந்துபோனது. இளவயதில் பக்கத்து ஆலையில் கைவேலை செய்திருந்த பியேர் செலிஸ் என்ற பால்காரர், 1960களின் நடுவில் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். அவர் துணியாதிருந்தால் இச்சொல் அகராதியோடு நின்றிருக்கும்.

வீட்டில் சமைத்த மதிய உணவோடு இதைச் சுவைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பியருக்குக் கசப்பு தரும் ஹாப் பூ இதில் குறைவு, மது ஏறக்குறைய 5 விழுக்காடுதான். அதனால் ஆம்லெட், மீன், ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் எதன் சுவையையும் அமுக்காது. ஒரு வாய் மீன், ஒரு மிடறு பியர் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்: நாக்கில் படிந்த எண்ணெய்ப் பசையை நுரை துடைத்துவிடும், அப்புறம் ஆரஞ்சுத் தோலின் லேசான மணம் தெரியும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கள்' பொருந்தாது, இன்று அது பனை, தென்னைப் பாளையில் இறக்குவதையே குறிக்கிறது. தானியத்தில் காய்ச்சியதற்குச் சங்கத் தமிழில் 'தோப்பி' என்ற சொல் இருக்கிறது. வீட்டில் நெல்லால் சமைத்த மது அது. 'கோதுமைத் தோப்பி' எனலாம். ஆனால் ஜெர்மானியரின் 'வைஸ்பியரு'ம் அதில் அடங்கிவிடும். அதன் பெயருக்கும் வெள்ளை பியர் என்றே பொருள். ஆனால் வைஸ்பியரில் மசாலா சேர்க்காமலே, வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் ஈஸ்ட்டால் வருவது. ஆகவே 'பெல்ஜிய வெண்டோப்பி' என்பதே என் தேர்வு. பேச்சில் 'பெல்ஜியக் கோதுமை பியர்' போதும்.