தொட்டியின் அளவைப் பார்த்து நடாதீர்கள்: வெயில் பாத்தியில் புதர்ப்பூச்செடிகள்

தீபாவளி நெருங்கும்போது சிங்கப்பூர் நர்சரிகளில் பென்டாஸ், குள்ள இட்லிப்பூ, நித்தியகல்யாணி எல்லாம் பந்து உருட்டி வைத்தாற்போல் நிற்கும். வாங்கி வந்து, 15 செ.மீ. தொட்டியில் இருந்த நெருக்கத்திலேயே பாத்தியில் நட்டுவிடுகிறார்கள். சில மாதம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். பிறகு அடி இலைகள் மஞ்சளாகி உதிரும், நடுவில் இருப்பவை ஒவ்வொன்றாகக் கருகும். உடனே பூச்சிமருந்து கேட்டு வருவார்கள். பெரும்பாலும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை, செடிகளுக்கு மூச்சுவிட இடமில்லை என்பதுதான் காரணம்.

கடைச்செடி அடர்த்தியாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. பாக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி குறைக்கும் மருந்தைப் பல வளர்ப்பாளர்கள் கொடுக்கிறார்கள். கணுவுக்குக் கணு தூரம் குறுகி, செடி குட்டையாக நிற்கும். மருந்தின் வீரியம் அடங்கியதும் அது தன் இயல்பான அகலத்துக்குப் போய்விடும். அந்த அகலத்தை வைத்துத்தான் நட வேண்டும்: பென்டாஸ் 60 செ.மீ., அதன் குள்ள ரகமும் குள்ள இட்லிப்பூவும் 45, நித்தியகல்யாணி 35 முதல் 40. தண்டிலிருந்து தண்டுக்கு அளக்க வேண்டும், இலை நுனியிலிருந்து அல்ல. இரண்டு வகை அடுத்தடுத்து வந்தால் இரண்டின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 60-க்கும் 40-க்கும் நடுவே 50 செ.மீ.

தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் தோட்டப்பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதில் 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று பத்துச் செடிகள் போதும். இரண்டாவது வரிசையை அரை இடைவெளி தள்ளி முக்கோணமாக நட்டால் வரிசைகளுக்கு நடுவே 39 செ.மீ. வரும். இருபது செடி வாங்கி வந்தவருக்கு இது மனசே ஆறாது, தெரியும். வெற்றிடம் உறுத்தினால் பத்துமணிப்பூவைத் தூவிவிடுங்கள். புதர்கள் நெருங்கி வரும்போது தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

குளிர்நாட்டுப் பல்லாண்டுச் செடிகள் பல, குளிர்காலத்தில் தரைமட்டம் வரை காய்ந்து மீண்டும் துளிர்க்கும். சிங்கப்பூரில் அந்த ஓய்வு கிடையாது, பன்னிரண்டு மாதமும் வளர்ச்சிதான். மாலை மழையில் நனைந்த இலை, காற்றோட்டம் இல்லாவிட்டால் விடியும்வரை காயாது. பூஞ்சைக்கு அதுவே போதும்.

வெயிலையும் கவனியுங்கள். தினமும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். தரைவீடுகளில் வடக்குச் சுவரை ஒட்டிய பாத்திக்கு ஏறக்குறைய மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரைதான் நல்ல வெயில், தெற்குச் சுவருக்கு மற்ற மாதங்களில். அப்படி அரை ஆண்டு நிழல் விழும் இடத்தில் கனகாம்பரம் தாங்கும், நித்தியகல்யாணி தாங்காது.

மண் களியாக இருந்தால் 30 செ.மீ. குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். நாலைந்து மணி நேரம் கழித்தும் நீர் நின்றால் பாத்தியை 20 செ.மீ. உயர்த்தி, கம்போஸ்டும் பெருமணலும் கலக்க வேண்டும். வேர்க்கட்டியின் மேல்பகுதி பாத்தி மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி நடுங்கள். மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு 5 செ.மீ. கனம் போதும், அது தண்டைத் தொடக்கூடாது. தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொட்டினால் தண்டு நீண்டு, மழையில் புதர் நடுவில் பிளந்து சாயும்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். வெட்டு, இலையுள்ள கணுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். இலையில்லாத மொட்டைக் கட்டைவரை இறங்கினால் பல செடிகள் துளிர்க்காது. பிறகு புதரை விலக்கி உள்ளே பாருங்கள்: குறுக்கே உரசும் மெல்லிய தண்டுகள் இரண்டு மூன்றை அடியோடு எடுத்தால் வெளிச்சம் தரைவரை இறங்கும். மறுபடி பூக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும், பண்டிகைக்குப் பூ வேண்டுமென்றால் அந்தக் கணக்கில் முன்னதாகவே வெட்டிவிடுங்கள்.

நித்தியகல்யாணி ஒன்று திடீரென வாடி, தண்டின் அடி கறுத்துப் போனால் வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அழுகல் நோய் மண்ணிலேயே தங்கும். அதே குழியில் மறுபடி நித்தியகல்யாணி வைக்காமல் பென்டாஸ் வையுங்கள்.