எயில், புரிசை, ஞாயில்: மதில் எப்படி வேலை செய்தது

பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளில் மதில், எயில், இஞ்சி, புரிசை எல்லாம் ஒரு பொருள் குறித்த பல சொற்களாக வரிசை கட்டி நிற்கும். பாட்டில் அப்படியில்லை. புறநானூறு 21-ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார் கானப்பேரெயிலை, அதாவது இன்றைய காளையார்கோயிலை, உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார்: ஆழமான அகழி, வானைத் தொடும் புரிசை, விண்மீன் பூத்தாற்போல ஞாயில் (மதில் தலையில் மறைந்து நிற்கும் உறுப்பு), வெயில் நுழையாத காவற்காடாகிய மிளை. இத்தனையும் சேர்ந்த பிறகுதான் 'எயில்' என்கிறார். அங்கே புரிசை என்பது சுவர். எயில் என்பது முழு அரண்.

எயிலை 'எய் + இல்', அம்பு எய்வதற்கான இடம், என்று சொல்லாய்வாளர் சிலர் பிரிப்பார்கள். பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதனாலேயே வேர் அதுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. புரிசையை வளைதல், சுற்றுதல் என்ற பொருளுள்ள 'புரி'யோடு சேர்ப்பார்கள். எயில் பிறகு ஊருக்கே பெயரானது: சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம், தொண்டைமண்டலத்து எயிற்கோட்டம். மதில் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் வீட்டைச் சுற்றிய கல்சுவரே மதில்தான்.

செம்பை உருக்கி வார்த்த மதிலே இஞ்சி என்று ஒரு விளக்கம் உண்டு. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் உள்ள கட்டுமானத்தில் ஊற்றினால் நீராவி கிளம்பி உலோகத்தைச் சிதறடிக்கும். கல்லோடு கல்லைப் பிணைக்கும் உலோகப் பட்டைகள் நடக்கக்கூடியவை. முழுச் சுவருக்கும் வார்ப்பது நம்பும்படி இல்லை. புறநானூறு 37 'செம்புறழ் புரிசை' என்கிறது. உறழ் என்றால் ஒத்த. செம்பு போன்ற மதில், அவ்வளவுதான்.

இனி கட்டுமானம். அகழியும் மதிலும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்: தோண்டிய மண்தான் சுவராகிறது. 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என அகழி வெட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 கன மீட்டர் மண் கிடைக்கும். அடியில் 8 மீட்டர், தலையில் 2 மீட்டர் அகலமுள்ள, 6 மீட்டர் உயரக் கரைக்குக் கணக்குப்படி அது சரியாகப் போதும். இடித்துக் கெட்டிப்படுத்தினால் சற்றுக் குறையும். ஆனால் இந்தச் சரிவு 60 டிகிரியைத் தாண்டுகிறது. தளர்ந்த மண் தானாக நிற்பது 35 டிகிரி அளவில்தான். அந்தச் சரிவில் விட்டால் அடியகலம் 19 மீட்டராகி, மண் இரண்டு மடங்கு வேண்டும். அதோடு எதிரி நடந்தே ஏறிவிடுவான். செங்கல்லோ கல்லோ முகத்தில் கட்டுவது இதற்காகத்தான்.

திருக்குறள் 743 அரணுக்கு உயர்வு, அகலம், திண்மை, அருமை என்ற நான்கைச் சொல்கிறது. பரிமேலழகர் உரை இங்கே ஒரு பொறியாளரின் குறிப்பு மாதிரி இருக்கும். ஏணி எட்டாத உயர்வு; அகலத்தில் இரண்டு, வெளியிலிருந்து அகழ முடியாத அடியகலமும் உள்ளே இருப்பவர் நின்று போரிடத் தலையகலமும்; கல்லாலும் செங்கல்லாலும் கட்டியதால் குத்த முடியாத திண்மை; பொறிகளால் நெருங்க முடியாத அருமை. ஏணிக் கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் மதிலுக்கு 70 டிகிரியில் சாய்த்த ஏணி ஏறக்குறைய 10.6 மீட்டர். ஏணிக்கால் 3 மீட்டர் ஆழ அகழிக்குள் ஊன்ற வேண்டியிருந்தால் 13.8 மீட்டர். நீளம் கூடக் கூட ஏணி எடை கூடும், ஆள் ஏறியதும் நடுவில் வளையும், சேற்றில் கால் புதையும். தொல்காப்பியம் அகழிப் போரை 'நீர்ச்செரு வீழ்ந்த பாசி' என்றும், ஏணிமேல் நடக்கும் போரை 'மடையமை ஏணிமிசை மயக்கம்' என்றும் தனித்தனித் துறையாக வைத்தது சும்மா அல்ல.

ஞாயில் மதிலின் தலையில் இருக்கும் உறுப்பு. உரைகாரர் குருவித்தலை என்பார்கள். அதன் மறைவில் நின்று எய்துவிட்டுப் பின்வாங்கலாம். கதவுக்குக் குறுக்கே கணைய மரம். உள்வாயிற்படியில் நிலத்தில் இறங்கும்படி விடும் மரம் சீப்பு. குறுக்கு மரம் கதவின் நடுவைத் தாங்கும், சீப்பு அடியை.

பராமரிப்பு நின்றால் எது முதலில் போகும்? புறநானூறு 350 வரிசையாகச் சொல்கிறது: 'தூர்ந்த கிடங்கின், சோர்ந்த ஞாயில், சிதைந்த இஞ்சிக் கதுவாய் மூதூர்'. கிடங்கு என்பது அகழி. ஒவ்வொரு மழையும் கரை மண்ணை அதற்குள் இறக்கும். ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் ஆழம் போய்விடும், ஏணியின் நீளமும் அந்த அளவுக்குக் குறையும். ஞாயில் மெல்லியது, மழை நேரே படுவது. அது இடிந்தால் மதில்மேல் நிற்பவனுக்கு மறைவில்லை. மேற்பூச்சு விரிசல் விட்டதும் நீர் உள்மண்ணுக்குள் இறங்கும், ஊறிய மண் முகச்சுவரை வெளியே தள்ளும், ஓரிடத்தில் சுவர் வாய் பிளக்கும். அந்தப் பிளவுதான் கதுவாய். யாப்பிலக்கணமும் இதே சொல்லை எடுத்துக்கொண்டது: நாற்சீர் அடியில் இரண்டாம் சீரில் தொடை (எதுகை, மோனை போன்ற இயைபு) விடுபட்டால் மேற்கதுவாய், மூன்றாம் சீரில் விடுபட்டால் கீழ்க்கதுவாய்.