டிசம்பரில் மான் துரத்தினால் பருவம் தள்ளிப்போனது என்று அர்த்தமா?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இரண்டாவது வாரம் தாண்டியதும் எனக்குப் படங்கள் வர ஆரம்பிக்கும். மரத்தில் கட்டிவைத்த கேமராவில் பதிவானவை. அறுக்காமல் விட்ட மக்காச்சோள வயலின் ஓரம், மாலை நாலரை மணி வெளிச்சம், ஒரு கொம்பன், அதாவது கொம்புள்ள ஆண் மான், மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு ஒரு பெட்டையின் பின்னால் ஓடும். படத்தோடு, ரட் (மான்கள் இணைசேரும் பருவம்) பற்றி ஒரு வரியும் வரும்: "இந்த வருஷம் ரட் ஒரு மாசம் தள்ளிப் போயிடுச்சு போல."

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் காட்டுயிர் உயிரியலாளராக வேலை பார்க்கிறேன். என் அன்றாட வேலையில் பெரும்பங்கு வெள்ளைவால் மான்களோடுதான். படம் அனுப்புகிறவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் இல்லை. இருபது, முப்பது வருடம் வேட்டைப் பரணில் உட்கார்ந்து பழகியவர்கள். அவர்கள் கண்ணில் பட்டது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறாகப் போகிறது. அந்தத் தவறால் சுடக்கூடாத மானைச் சுடுவது, ஆண் மான்களே இல்லை என்று முடிவு கட்டுவது, டிசம்பர் வந்துவிட்டது இனிச் சாலையில் பயமில்லை என்று வண்டியை விரட்டுவது எல்லாம் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் மாடு வளர்த்தவர்களுக்கு ரட்டைப் பற்றி அதிக விளக்கம் தேவைப்படாது. பசு பருவத்துக்கு வந்தால் கத்தும், சினை நிற்காவிட்டால் 21 நாளில் மறுபடியும் கத்தும். பெட்டை மானுக்கும் அதே கணக்குதான், நாள் மட்டும் கொஞ்சம் கூடுதல், ஏறக்குறைய 28. ஆணைச் சேர்த்துக்கொள்ளும் நேரம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பசுவுக்கு வருடம் முழுக்க இந்தச் சுழற்சி ஓடும். குளிர் நாட்டு மானுக்கு இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் நின்றுவிடும்.

தொடக்கத்தைத் தீர்மானிப்பது பகலின் நீளம். இங்கே ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். நவம்பர் நடுவில் 10 மணி நேரத்துக்கும் கீழே வந்துவிடும். இருட்டு நேரம் கூடக்கூட மூளையில் மெலடோனின் அதிகம் சுரக்கிறது. அதைத் தொட்டு மற்ற ஹார்மோன்கள் மாறுகின்றன. சூரியன் வருடத்துக்கு வருடம் தாமதமாவதில்லை, அதனால் ரட்டும் தாமதமாவதில்லை. மிச்சிகனில் வளர்ந்த பெட்டைகளில் பெரும்பாலானவை நவம்பர் நடுவை ஒட்டியே சினை பிடிக்கின்றன. சினைக்காலம் சுமார் 200 நாள். கணக்குப் போட்டால் குட்டி விழுவது மே கடைசி, ஜூன் தொடக்கம். பனி போய்ப் பசும்புல் தழைத்து, தாய்க்குப் பால் சுரக்கத் தீனி கிடைக்கும் நேரம் அது. அதற்கு முன்னால் பிறந்தால் குளிர் கொல்லும், பின்னால் பிறந்தால் அடுத்த குளிருக்குள் உடம்பு தேறாது. இந்த நாட்கணக்கு எத்தனையோ தலைமுறையாக உயிரை விலையாகக் கொடுத்து அமைந்தது.

சரி, இது எப்படித் தெரியும்? குளிர்காலக் கடைசியில் சாலையில் அடிபட்டுச் செத்த பெட்டைகளை நாங்கள் அறுத்துப் பார்ப்போம். உள்ளே இருக்கும் கருவை நெற்றியிலிருந்து பிட்டம் வரை அளந்தால் அதன் வயது தெரியும். பிறகு நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணினால் சினை பிடித்த நாள் கிடைத்துவிடும். மார்ச் நடுவில் அறுத்த பெட்டையில் கரு ஒரு சாணுக்குச் சற்று மேல், 25, 26 செ.மீ. இருந்தால் அது நவம்பர் நடுவில் தரித்தது. 17 செ.மீ.தான் இருந்தால் டிசம்பர் நடுவில் தரித்தது. மனதுக்குப் பிடித்த வேலை என்று சொல்ல முடியாது. முதல் சில வருடங்கள் ஒவ்வொரு கருவையும் எடுக்கும்போது கை தயங்கும். ஆனால் பரணில் இருந்து பார்ப்பதைவிட நம்பகமான சாட்சி இதுதான். பல மாநிலங்களில் பல வருடங்களாக இப்படி அளந்து பார்த்தும் நிலவோ, அந்த வருடத்து வெயிலோ குளிரோ இந்தத் தேதியை நகர்த்தியதாகத் தெரியவில்லை. வெயில் அடித்தால் மான் பகலில் நடமாடுவது குறையும், அவ்வளவுதான். இணைசேர்வது இரவில் நடந்துவிடும்.

அப்படியானால் வேட்டைக்காரர்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? அவர்கள் பார்ப்பது தேடலை. நவம்பர் முதல் வாரத்தில் ஆண்கள் தயாராகிவிடுகின்றன, பெட்டைகள் இன்னும் தயாராகவில்லை. அதனால் கொம்பன்கள் பகலிலும் அலைகின்றன, மரத்தில் கொம்பை உரசுகின்றன, மண்ணைப் பிறாண்டி மூத்திரம் விட்டு வைக்கின்றன. காடே பரபரப்பாகத் தெரியும். உச்சக் கட்டம் வந்ததும் ஒவ்வொரு கொம்பனும் ஒரு பெட்டையைப் புதருக்குள் ஒதுக்கிக்கொண்டு ஓரிரு நாள் அதன் பக்கத்திலேயே நின்றுவிடும். சினை பிடிக்கிற அந்த நாட்களில்தான் காடு வெறிச்சோடிக் கிடக்கும். போதாததற்கு மிச்சிகனில் துப்பாக்கி வேட்டை தொடங்குவது நவம்பர் 15. லட்சக்கணக்கானவர்கள் ஒரே காலையில் காட்டுக்குள் இறங்கினால் மான் பகலில் தலை காட்டுமா? உச்சம் நடந்து முடிந்ததை யாரும் பார்ப்பதே இல்லை. நவம்பர் 30-க்குப் பிறகு அந்தப் பெரிய கூட்டம் கலைந்து, கொஞ்சம் அமைதியானதும் மான்கள் மறுபடி வெளிச்சத்தில் மேய வரும். அப்போது ஒரு துரத்தல் கண்ணில் படுகிறது, "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று தோன்றிவிடுகிறது.

ஆனால் அந்த டிசம்பர் துரத்தலும் பொய்யில்லை. நான் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

டிசம்பரில் பருவத்துக்கு வருகிற பெட்டைகள் இரண்டு வகை. ஒன்று, நவம்பரில் சினை நிற்காதவை. 28 நாள் கழித்து அவை திரும்ப வருகின்றன. எண்ணிக்கையில் இவை குறைவு. இன்னொன்று, அதே வருடம் மே, ஜூனில் பிறந்த பெண் குட்டிகள். மாட்டுக்காரர் பேச்சில் சொன்னால் கிடேரிகள். ஆறு, ஏழு மாதக் குட்டி சினை பிடிக்குமா என்று கேட்பார்கள். பிடிக்கும், உடம்பு தேறியிருந்தால். 30 முதல் 36 கிலோ எடை வந்துவிட்ட கிடேரி முதல் குளிர்காலத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், தாய்க்குச் சில வாரங்கள் கழித்து, டிசம்பரில், சில சமயம் ஜனவரியில்கூட. வயதைவிட எடைதான் இங்கே கணக்கு.

எடை என்றால் தீனி. தென் மிச்சிகன், ஒஹாயோ, இல்லினாய், அயோவா என்று சோயாவும் மக்காச்சோளமும் விளைகிற பகுதிகளில் கிடேரிகளில் கணிசமான பங்கு முதல் வருடமே சினையாகிவிடுகிறது. இதே மிச்சிகனின் வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள மேல் தீபகற்பத்தில் கதை வேறு. அங்கே வயல் குறைவு, பனி ஆழம், குளிர்காலத் தீனி பெரும்பாலும் சீடர் மரக் கிளைதான். அங்கே ஒரு கிடேரி முதல் வருடத்தில் சினையாவது அபூர்வம். அதனால் டிசம்பர் துரத்தலும் அங்கே அபூர்வம். அந்தப் பக்கத்தில் ஷிங்கிள்டன் என்ற ஊருக்கு அருகே குசினோ ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஸ் வெர்மி, ஜான் ஒஸோகா இருவரும் பல வருடங்கள் வேலியடைத்த ஒரு சதுர மைல் காட்டில் மான்களைக் கவனித்தார்கள். தீனிக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எங்கள் துறைக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

இதனால்தான் டிசம்பர் துரத்தலைப் பார்த்து "ஆண் மான் பத்தவில்லை, பெட்டைகள் நவம்பரில் சும்மா விடப்பட்டிருக்கின்றன" என்று முடிவு கட்டுகிறவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். வயல் நாட்டில் அது பெரும்பாலும் கிடேரிகள் நன்றாகத் தின்று வளர்ந்திருப்பதன் அடையாளம். துரத்தப்படும் பெட்டையின் அளவைப் பாருங்கள். முகம் குட்டையாக, உடம்பு சின்னதாக இருந்தால் அது இந்த வருடத்துக் குட்டி. ஒரே குட்டியின் பின்னால் இரண்டு மூன்று கொம்பன்கள் வருவதும் உண்டு, ஏனென்றால் பருவத்தில் இருக்கும் பெட்டை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அன்று ஒன்றுதான் இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நவம்பரில் கொம்பன் தீனியை மறந்து ஓடும். அந்தச் சில வாரங்களில் உடம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்குகூடக் கரைந்துவிடும். டிசம்பரில் விலா எலும்பு தெரிய நிற்கும், உடம்பில் காயங்கள் இருக்கும், உறைபனிக்கு முன் எதையாவது தின்று தேற வேண்டிய கட்டாயம். அதனால் அது பெட்டையைத் தேடி மைல் கணக்கில் போவதில்லை. பெட்டைகள் மேய வருகிற வயலுக்கே தானும் மேய வருகிறது. கொம்பு விழாத வரை அதனால் இணைசேர முடியும், ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. டிசம்பரில் உட்கார நினைக்கிறவர்கள் நவம்பரில் உரசல் தடம் பார்த்த இடத்தை விட்டுவிட்டு, அறுக்காத சோயா, மக்காச்சோளம், ஓக் கொட்டை மிச்சமிருக்கும் சரிவு எங்கே என்று தேடுங்கள். மாலை வெளிச்சத்தின் கடைசி ஒரு மணி நேரம் போதும்.

இனி எனக்கு வருத்தம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். வேட்டைக் காலத்தின் பிற்பகுதியில் கொம்பில்லாத மானை மட்டும் சுடலாம் என்ற அனுமதியோடு வருகிறவர்கள், கொம்பில்லை என்றதும் பெட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து கொம்பு விழத் தொடங்கிவிடும், அடிபட்டு மெலிந்த கொம்பனுக்கு அதற்கு முன்பே விழலாம். பெட்டை என்று சுட்டுவிட்டு அருகில் போய்ப் பார்த்தால் நாலைந்து வயது ஆண். அதைவிட அதிகம் நடப்பது ஆண் குட்டிகளைச் சுடுவது. வயலுக்கு முதலில், தனியாக, துணிச்சலாக வெளியே வரும் சின்ன மான் பல நேரம் ஆண் குட்டிதான். காதுகளுக்கு நடுவே தலை தட்டையாகத் தெரியும், பெட்டைக்கு அந்த இடம் வளைவாக இருக்கும். வளர்ந்த பெட்டை பக்கத்தில் வந்து நிற்கும் வரை காத்திருந்து அளவை ஒப்பிடுங்கள். பத்து நிமிடப் பொறுமைதான்.

தெற்கு மாநிலங்களில் எடுத்த வேட்டை வீடியோக்களைப் பார்த்து இங்கே தேதி குறிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலபாமாவின் பல பகுதிகளில் உச்சமே ஜனவரியில்தான். தென் டெக்சாஸில் டிசம்பர் நடுவிலும் கடைசியிலும். ஃபுளோரிடா மாநிலத்துக்குள்ளேயே தெற்குக் கோடியில் ஜூலையில் தொடங்குகிறது, வடமேற்கில் பிப்ரவரி வரை போகிறது. குளிர் கொல்லாத இடத்தில் குட்டி எப்போது பிறந்தாலும் பிழைக்கும், அதனால் தேதி இறுக்கமாக இல்லை. அலபாமாவில் இன்னொரு காரணமும் உண்டு. மான்கள் அழிந்துபோன இடங்களில் வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பேங்க்ஹெட் காட்டுக்கு 1920-களில் மிச்சிகனிலிருந்தே மான்கள் போயின. நூறு வருடம் ஆகப்போகிறது, அங்கே இன்றும் நவம்பரில்தான் இணைசேர்கின்றன, மாநிலத்தின் பிற பகுதி மான்கள் ஜனவரி வரை காத்திருக்கும்போது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியம் அடங்குவதில்லை.

வேட்டைக்கே போகாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. டெட்ராய்ட் புறநகர்களான கேன்டன், நோவை, ட்ராய் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் தினமும் வேலைக்கு நெடுஞ்சாலையில் போய் வருகிறார்கள். மிச்சிகனில் வருடத்துக்கு 50,000-க்கும் மேற்பட்ட மான் விபத்துகள் பதிவாகின்றன, நவம்பரில்தான் அதிகம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும், வீடு திரும்பும் நேரமும் மான் நடமாடும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. டிசம்பரில் விபத்து குறையும், ஆனால் மறைவதில்லை. ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், வயலோரச் சாலையில் கிடேரியும் பின்னால் கொம்பனும் ஓடும். ஒரு மான் சாலையைக் கடந்துவிட்டது என்று மூச்சுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். பின்னால் வருவது தரையை முகர்ந்தபடி வரும், உங்கள் வண்டி விளக்கைப் பார்க்காது. குறுக்கே வந்துவிட்டால் பிரேக்கை அழுத்தி உங்கள் வழித்தடத்திலேயே நேராக நில்லுங்கள். திருப்பினால் எதிர் வண்டியோ மரமோதான். இடித்துவிட்டால், அடிபட்ட மானின் அருகே போகாமல் 911-ஐ அழையுங்கள்.

முதலில் சொன்ன படங்களுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரிடம், படத்தை மட்டும் அனுப்பாமல் தேதி, நேரம், துரத்தப்பட்டது வளர்ந்ததா குட்டியா, பக்கத்தில் தாய் இருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதற்கு முன் ஒவ்வொரு வருடமும் ரட் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மூன்று குளிர்காலம் விடாமல் எழுதினார். மூன்றிலும் துரத்தல் டிசம்பர் இரண்டாவது வாரம், அதே சோயா வயல், அதே கிழக்கு ஓரம். போன டிசம்பரில் அவரிடமிருந்து படம் வந்தபோது தாமதம் என்ற பேச்சே இல்லை. கீழே இப்படி எழுதியிருந்தார்: "இந்த வருஷத்துக் குட்டி. தேதி 12. போன தடவை 13."