பேய்ப்படத்தின் முதல் இரண்டு நிமிடம்

பிரிட்டனில் நம்ம பிளஸ் டூவுக்கு நிகரான ஏ லெவலில் மீடியா ஸ்டடீஸ் எடுத்த பிள்ளைகளுக்குப் பல வருடங்கள் ஒரு செய்முறை வேலை இருந்தது. புதிதாக ஒரு கதைப்படத்தின் தொடக்கத்தை மட்டும், டைட்டிலோடு சேர்த்து, அதிகபட்சம் 2 நிமிடத்துக்குள் எடுத்துத் தர வேண்டும். நிறையப் பேர் திகில் படத்தைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் ஒரு வீடு, ஒரு தோழி, கொஞ்சம் இருட்டு இருந்தால் போதும், நடிப்பு சுமாராக இருந்தாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்படி எடுத்தவை யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. முகமூடி, கத்தி, காடு, சிக்னல் இல்லாத போன், மினுக்கும் பல்பு எல்லாமே இருக்கும், பயம்தான் வராது. நம்மூர் விஸ்காம் குறும்படங்களிலும் இதே கதைதான். முகமூடிக்குப் பதிலாக வெள்ளைப் புடவை.

இந்த அடையாளங்களை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி நினைத்து ஒவ்வொன்றாகத் திணிப்பதில்தான் கோளாறு. இப்படிப் பழகிப்போன ஒவ்வொரு அடையாளமும், அதாவது ஒவ்வொரு டெம்ப்ளேட்டும், பார்க்கிறவரின் உடம்புக்குப் போகிற ஒரு முன்னறிவிப்பு. அது எப்படி வேலை செய்கிறது என்பதை எலிகள் எப்போதோ காட்டிவிட்டன. 1951இல் பிரௌன், கேலிஷ், ஃபார்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் எலிகளுக்கு ஒரு சமிக்ஞையைக் கொடுத்து, கூடவே மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கினார்கள். அப்புறம் மின்னதிர்ச்சியை நிறுத்திவிட்டு, பெரிய சத்தம் ஒன்றை மட்டும் எழுப்பிப் பார்த்தார்கள். சமிக்ஞை இருந்தபோது அதே சத்தத்துக்கு எலிகள் இன்னும் பலமாகத் துள்ளின. மனிதர்களிடமும் பிறகு இதைப் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பாதி திறந்த கதவு, தனியாக நடக்கும் பெண், சட்டென்று அடங்கும் பின்னணி இசை, இதெல்லாம் நமக்கு அந்தச் சமிக்ஞை. சின்ன வயதிலிருந்து பார்த்த படங்கள் எல்லாம் சேர்ந்து நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் சமிக்ஞை வந்துகொண்டே இருந்து அதிர்ச்சி மட்டும் வராமல் போனால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். இரண்டு நிமிடத்தில் எட்டு டெம்ப்ளேட்டைக் காட்டி, ஒன்றைக்கூட உபயோகப்படுத்தாத படங்களில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

துள்ளுவதற்கு மூளை யோசிக்கவே தேவையில்லை. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து தசை, அவ்வளவுதான் பாதை. திடீர்ச் சத்தம் கேட்டு இமையை மூடும் தசை இயங்க ஆரம்பிக்க 30 முதல் 50 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. அதாவது திரையில் வந்தது பேயா பூனையா என்று புரிவதற்கு முன்பே உடம்பு துள்ள ஆரம்பித்துவிடுகிறது. இதை 1942இலேயே 'கேட் பீப்பிள்' படத்தில் செய்து காட்டினார்கள். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலடி, பிறகு அந்தக் காலடியும் நின்றுவிடுகிறது, எங்கிருந்து எது பாயப்போகிறதோ என்று நாம் இருட்டைத் துழாவிக்கொண்டிருக்கும்போது காட்டுவிலங்கு சீறுகிற மாதிரி ஒரு சத்தம், பார்த்தால் டவுன் பஸ் வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த வித்தையை இன்றும் 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். மேக்கப் கிடையாது, பேயும் கிடையாது, செலவு ஒரு பஸ்.

மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது ஒலியில்தான். ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீரென்று தூக்கிவாரிப்போட வைக்கும் இடத்தின் சத்தத்துக்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஒரு ஃபேட் போட்டுவிடுவார்கள், சத்தம் மெல்ல ஏறி வரும், மூளைத்தண்டுக்கு அதில் அவசரமே தெரியாது. உச்சத்தை முதல் ஃபிரேமிலேயே எட்ட வேண்டும். அதே மாதிரி, பெரிய சத்தத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் ஒரு சின்ன 'டக்' இருந்தால்கூடத் துள்ளல் குறைந்துவிடும் என்பது ஆய்வகத்தில் பலமுறை பார்த்த விஷயம். கதவுத் தாழ்ப்பாள் சத்தத்தை அங்கே வைக்காமல் நொடிக்கணக்கில் முன்னால் தள்ளுங்கள். அப்புறம் நிசப்தம். டைம்லைனில் ஒலியை அப்படியே வெட்டி எறிந்தால் அது நிசப்தமாகக் கேட்காது, ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் தோன்றும். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்த அறையின் சும்மா இருக்கிற சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், ஃபிரிட்ஜ் முனகல் உட்பட. அமைதியான இடங்களுக்கு அடியில் அது ஓட வேண்டும். படம் போனில் எடுக்கிறீர்கள் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, லாக் செய்யுங்கள், இல்லையென்றால் நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய இருட்டை போனே வெளிச்சமாக்கிப் புள்ளி புள்ளியாக்கிவிடும்.

ஒலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் கதை ஒன்று இருக்கிறது. 1978இல் 'ஹாலோவீன்' எடுத்து முடித்து, இசையும் சிறப்பு ஒலிகளும் சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லையாம். அப்புறம்தான் இசையை வைத்துப் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கார்ப்பென்டர் முடிவு செய்தார். அவரே போட்ட அந்த பியானோ மெட்டு ஐந்து தட்டுக் கணக்கில் ஓடும். நாம் நான்குக்குப் பழகியவர்கள், எங்கேயோ ஒரு தட்டு கூடுதலாக இருப்பதைக் காது உணரும், காரணம் பிடிபடாது. அந்தப் படத்தின் தொடக்கமும் மாணவர்கள் பார்க்க வேண்டியது. கொலைகாரனின் கண் வழியாகவே, ஒரே ஷாட் போலத் தோன்றும்படி போகும், முகமூடி மாட்டியதும் திரையில் இரண்டு ஓட்டை மட்டும் தெரியும். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன். கத்தி, தனி வீடு, இளம்பெண் என மற்றதெல்லாம் நாம் எதிர்பார்த்தபடியே விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். இரண்டு நிமிடத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் கேட்டால் இப்படி எடுப்பேன். பள்ளி முடிந்து வீட்டுக்கு வரும் பெண், ஃபிரேமின் இடது ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கழற்றுகிறாள். மீதி மூன்றில் இரண்டு பங்கு, இருட்டான நடையும் கடைசியில் ஒரு சாத்திய கதவும். யாரும் சொல்லாமலேயே பார்ப்பவரின் கண் கதவுக்குப் போகும். அவள் எழுந்து போய்விடுகிறாள், கேமரா நகரவில்லை, ஆறு நொடி ஒன்றும் நடக்காது, அந்தக் காலியிடத்தில் ஒரு பெயர் வந்து மறைகிறது. பெயரைப் படிக்கக் கண் ஒரு கணம் கதவை விட்டு நகரும். அந்தக் கணத்தில் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும், சத்தமே இல்லாமல். பாதிப் பேர் கவனிப்பார்கள், மீதிப் பேருக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று மட்டும் தோன்றும். அடுத்த இரண்டு பெயரையும் இதே ஷாட்டில் போட்டு இதையே செய்யலாம். மதிப்பெண்ணுக்காகக் கடனே என்று ஒட்டும் டைட்டிலுக்கு இங்கே ஒரு வேலை கிடைக்கிறது. சத்தம் ஒன்றே ஒன்று போதும், நூற்றுப்பத்தாவது நொடிவாக்கில், அதுவும் கதவுப் பக்கத்திலிருந்து வராமல், அவள் கையிலிருக்கும் போனிலிருந்து.

எடிட் செய்தவருக்கு இதெல்லாம் வேலை செய்கிறதா என்று தெரியவே தெரியாது, திரும்பத் திரும்பக் கேட்ட சத்தத்துக்கு உடம்பு துள்ளுவதை நிறுத்திவிடும். கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள், நீங்கள் திரையைப் பார்க்காமல் அவருடைய இமையைப் பாருங்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள், அதை நம்பி எடிட்டை மாற்றாதீர்கள்.