குறுக்குப் பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்காதீர்கள்

சேலத்தில் செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்காருபவர்கள், அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி ஓட்டுபவர்கள், காபிப் பழம் பறிக்கிற சீசனில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவர்கள், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் இளைஞர்கள் என, பிசியோதெரபிஸ்டான என்னிடம் யார் வந்தாலும் முதல் வார்த்தை இதுதான்: "குறுக்குப் புடிச்சுக்கிச்சுங்க, நிமிரவே முடியல." குறுக்கு என்று அவர்கள் சொல்வது இடுப்பை ஒட்டிய கீழ் முதுகை. கை வைத்துப் பார்த்தால் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தசை கல்லாட்டம் இறுகியிருக்கும். அடுத்த கேள்வி, எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்பது. முடிந்தவரை படுக்காதீர்கள் என்று சொன்னால் பலருக்கு என் மேல் நம்பிக்கையே போய்விடுகிறது.

ஆனால் காரணம் இருக்கிறது. இடுப்பில் ஏதோ ஒன்று வலித்தால், அந்த இடம் மேற்கொண்டு அசையக் கூடாது என்று நரம்பு மண்டலமே சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஓரிரண்டு நாளைக்கு இது பாதுகாப்புதான். பிடித்த பிடி விடாமல் தொடரும்போதுதான் சிக்கல். சுருங்கியே இருக்கும் தசை தானே வலிக்க ஆரம்பிக்கும், வலிக்கிறதே என்று நாம் அசைய மாட்டோம், அசையாததால் இன்னும் இறுகும். இதற்கிடையே முதுகெலும்பை ஒட்டி அடியில் இருக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசை மெலியத் தொடங்குகிறது. வலி போன பிறகும் அது தானாகப் பழைய நிலைக்கு வராமல் போகலாம், பயிற்சி கொடுத்துத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். மேலே இறுக்கம், அடியில் மெலிவு. எண்ணெய் போட்டு வழித்துவிட்டால் மேலே உள்ள இறுக்கம் கொஞ்ச நேரம் தளரும், அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறுக்குப் பிடிக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

யாரையாவது முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயதானவர்களுக்கு எலும்பு தேய்ந்திருந்தால் முறியவும் கூடும்.

சரி, பிசியோதெரபியில் என்னதான் செய்கிறோம்? 15, 20 நிமிடம் சூடு வைப்பது, கையால் அழுத்தித் தளர்த்துவது, தசையை மெதுவாக இழுத்துவிடுவது. இவை வலியையும் இறுக்கத்தையும் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும். (சர்க்கரை நோயால் தோல் மரத்துப் போனவர்கள் வீட்டில் சூடு வைக்கும்போது கவனம், கொப்பளித்தால்கூடத் தெரியாது.) அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு வேண்டியது, அதற்குள் உங்களை அசைய வைத்து, பயமில்லாமல் குனிந்து நிமிர வைத்து, அடித் தசைக்கு வேலை கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும்.

இங்கே என் தொழிலைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். பிசியோதெரபி என்றாலே "கரண்டு வைக்கிறது" என்று நம் ஊரில் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் வலிக்கு, ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் பரிந்துரைக்கப்பட்டவற்றில் உடற்பயிற்சி இருக்கிறது, வலியைப் புரியவைக்கும் கல்வி இருக்கிறது. தோல் வழியாக லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் கரண்டு, அல்ட்ராசவுண்டு சிகிச்சை, முதுகெலும்பையே இழுத்து வைக்கும் இழுவை (டிராக்‌ஷன்), இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியையும் விட்டு, தினமும் கரண்டு வைத்துக்கொள்ள ஒருவர் வருவது எனக்கு மனதாரப் பிடிக்கவில்லை. நாலு பயிற்சியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, வாரம் ஒரு முறை வரச் சொன்னால் போதும்.

ஸ்கேன் கவரோடு வந்து "ஜவ்வு தேஞ்சு போச்சு, இனி அவ்வளவுதான்" என்று கலங்குபவர்களுக்கு: ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு (டிஸ்க்). வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் 96 சதவீதம். தேய்மானம் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து விறைப்பாகவே நடந்தால் அந்த விறைப்பே வலிக்கும்.

கொலுசு வேலையில் மணிக்கணக்காகத் தரையில் குனிந்தே இருக்கிறீர்கள், தறியில் இழை அறுந்தால் வளைந்து எட்டி முடி போடுகிறீர்கள். செய்கிற உருப்படிக்குத்தான் கூலி என்பதும் தெரியும். அதனால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்பக்கமாக ஐந்து முறை சாயுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. காலையில் எழுந்த கையோடு குனிந்து குடம் தூக்காதீர்கள், இரவில் ஜவ்வு நீர் உறிஞ்சி உப்பியிருப்பதால் முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அழுத்தம் கூடுதலாக விழும். கொஞ்சம் நடங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்து முறை. லேசாக வலித்தால் பரவாயில்லை, செய்யச் செய்ய வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

எல்லாப் பிடிப்பும் வெறும் தசைப் பிடிப்பு கிடையாது. நாற்பது வயதுக்குள், காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். இடுப்பு வலியோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதுகெலும்புக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். இவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ அல்லது தெரியாமல் போனாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ பயிற்சியும் வேண்டாம், பிசியோதெரபியும் வேண்டாம். நடு ராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.