கையில் ஓர் ஊசி, புண்ணில் ஓர் ஊசி

"சிஸ்டர், கையிலதான் ரெண்டு ஊசி போட்டாச்சே, புண்ணுலயும் எதுக்குக் குத்துறீங்க?"

நாய் கடித்துக் காலில் ரத்தத்தோடு வந்தவர் இப்படிக் கேட்பார். இதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த செவிலியர் மாணவிக்கு நோய் எதிர்ப்பாற்றலில் பாதிப் பாடம் புரிந்துவிட்டது என்பேன்.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. கடிபட்ட தசையில் சிறிது காலம் தங்கி, நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. அறிகுறி தெரிய பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். தெரிந்துவிட்டாலோ உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. முகத்தில் கடிபட்ட குழந்தையைப் பார்த்து நாம் கூடுதலாகப் பதறுவதற்கும் காரணம் இதுதான், அங்கிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. நரம்புக்குள் நுழைந்துவிட்ட வைரஸை, கிருமியைப் பற்றி முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களால் எளிதில் எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே அது நுழைவதற்கு முன்பே மடக்க வேண்டும்.

கையில் போடும் தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். தோலுக்குள் வெறும் 0.1 மில்லி போடுகிறோம், ஆரஞ்சுத் தோல்போல ஒரு சின்னக் கொப்புளம் எழும்புகிறது. இவ்வளவு குறைந்த மருந்து எப்படிப் போதும்? தோலில் டென்ட்ரிடிக் செல்கள் ஏராளம். ஊர் எல்லைக் காவலர்கள்போல அவை அந்நியப் பொருளைப் பிடித்து, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப்போய்க் காட்டுகின்றன. அங்கே டி செல், பி செல் என்னும் வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் தெரியும். ரேபிஸின் வடிவம் தெரிந்த சில செல்கள் மட்டும் விழித்துக்கொள்கின்றன. உதவி டி செல் ஊக்கம் கொடுக்க, பி செல் பிரிந்து பெருகி, எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறுகிறது. முதலில் வருவது ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் வகை. ஐந்து அலகுகள் கைகோத்த பெரிய மூலக்கூறு என்பதால் அது ரத்தத்தைவிட்டு எளிதில் வெளியேறாது. திசுக்களுக்குள் கசிந்து போகக்கூடிய ஐ.ஜி.ஜி. என்னும் வகை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இந்த வேலைக்கு 7 முதல் 14 நாள் பிடிக்கும். ஊசியின் அளவைக் கூட்டினாலும் இந்தக் காத்திருப்பு மறையாது.

அந்த இடைவெளியில் புண்ணுக்குக் காவல் யார்? அதற்குத்தான் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி பெற்ற மனிதர் அல்லது குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆயத்த எதிர்ப்பொருள் அது. வைரஸின் மேலுள்ள முட்களைப் பற்றிக்கொண்டு, நரம்புக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. வைரஸ் கிடக்கும் இடம் புண் என்பதால் மருந்தும் அங்கேயே, புண்ணுக்குள்ளும் சுற்றிலும் இறங்க வேண்டும். புட்டத்தில் குத்தினால் உடம்பெங்கும் கரைந்து, வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும். எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் ரத்தத் தெளிநீர் இன்னொரு விலங்கைக் காக்கும் என்று 1890-இல் பேரிங், கிடசாட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று நாம் புண்ணில் செலுத்துவது அந்த அறிவின் தொடர்ச்சிதான்.

ஆனால் இது இரவல். மனித ஐ.ஜி.ஜி. சுமார் 21 நாளில் பாதியாகிவிடும், நினைவு எதையும் விட்டுச்செல்லாது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கு வரும் எதிர்ப்பொருளும் இப்படித்தான் சில மாதங்களில் கரைகிறது. "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா" என்பார்களே, புண்ணில் ஊசி போட்டாயிற்றென்று அடுத்த தவணைகளுக்கு வராமல் இருப்பவரை நினைத்தால் எனக்கு அந்தப் பழமொழிதான் நெஞ்சில் உறுத்தும்.

இரவலும் சொந்தமும் ஒன்றோடொன்று மோதவும் கூடும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் எதிர்ப்பொருள் தடுப்பூசியையே முடக்கிவிடும். மனித இம்யூனோகுளோபுலின் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையுடையது 40 யூனிட். அதைத் தாண்டினால் உடம்பு தானாகச் செய்யும் உற்பத்தி மந்தமாகும். புண்கள் பல, மருந்து போதவில்லை என்றால் சலைன் என்னும் உப்புநீர் கலந்து நீர்க்கச் செய்யலாமே தவிர அளவைக் கூட்டக் கூடாது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, அதற்குள் சொந்தச் சரக்கு வரத் தொடங்கிவிடும். குதிரைப் புரதம் நம் உடம்புக்கு அந்நியம், கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அதற்கான அவசர மருந்து அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்த மருந்து. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்தது. வைரஸோடு மூளைத் திசுவும் உள்ளே போனதால், சிலரின் எதிர்ப்பாற்றல் தம் சொந்த நரம்பு உறையையே பகையென்று தாக்கியது. பக்கவாதம்வரை போனவர்கள் உண்டு. செல் வளர்ப்பில் செய்யும் இன்றைய தடுப்பூசியில் அந்த ஆபத்து இல்லை. இந்தியா பழைய மருந்தை 2004-உடன் கைவிட்டது.

இவை அனைத்துக்கும் முன்னால் சோப்பும் தண்ணீரும். ரேபிஸ் வைரஸுக்குக் கொழுப்பு உறை, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வைத்துக்கொண்டு வந்தவரைத் திட்டாமல், அதை நீங்களே கழுவிவிடுங்கள்.

0, 3, 7, 28-ஆம் நாள் தவணைகளை முடித்தவருக்கு நினைவு பி செல்கள் உருவாகியிருக்கும். அவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரு நாள் ஊசி போதும், அந்தச் செல்கள் சில நாளிலேயே ஐ.ஜி.ஜி.யைப் பொழியும். புண்ணில் குத்தும் வலியும் இல்லை. அதனால், கடிபட்டு வருபவரிடம் முன்பு ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.